அப்பாவு மாற்றிச் சொன்ன பதில்

கருத்தரங்கு நாளென்றால் டில்லிபாபுவுக்கு உட்கார நேரம் இருக்காது. தண்டலத்தை ஒட்டி, பெங்களூர் ரோட்டுமேல், ஒரு ரைஸ் மில்லின் மாடியை வாடகைக்கு எடுத்துப் பல்கலைக்கழகத்தார் கிராமப் பொருளாதார ஆய்வு மையம் ஒன்றை நடத்திவந்தார்கள். அங்கே அவன் அட்டெண்டர். நாற்காலி போட வேண்டும், கரும்பலகை துடைக்க வேண்டும், டீயும் போண்டாவும் வாங்கிவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மில்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, மேலே பேச்சு முடிகிறவரை மோட்டாரை ஓட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "கீழ நெல்லு அரைங்க, வேண்டாம்னு சொல்லல. நாங்க மேல பொருளாதாரத்தை அரைச்சு முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று பேராசிரியர் பாஷ்யம் ஒருமுறை மில்காரரிடம் சொன்னதை டில்லிபாபு பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மெட்ராசிலிருந்து வருகிற பேராசிரியர்கள் காரை விட்டு இறங்கியதும் குரலைத் தாழ்த்தி, "அது எந்த இடம்பா?" என்று அவனைத்தான் கேட்பார்கள். அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கையைக் காட்டுவான். ஜூலையில் புதுப் பொருளாதாரக் கொள்கை வந்த பிறகு கேள்வி மாறியது. "இந்தப் பக்கமெல்லாம் கம்பெனி வரப்போகுதாமே, நிலமெல்லாம் கைமாறுதாமே?" அதற்கும் அவன் கையைக் காட்டுவான், இந்தமுறை ஒரகடத்துப் பக்கம். அது அவன் பிறந்த ஊர்ப் பக்கம்.

வசுதா என்கிற ஆராய்ச்சி மாணவி சர்வே செய்ய ஒரு கிராமம் தேடியபோது தன் ஊரைச் சொன்னவனும் அவன்தான். எந்தப் பஸ், எங்கே இறங்குவது, யாரைப் பார்ப்பது எல்லாம் சொன்னான். அவன் சொல்லாதது ஒன்று. அவனைப் பெற்ற நைனா அப்பாவு அந்த ஊரில்தான் தனியாக இருந்தார்.

இதை மறைக்க வேண்டும் என்று அவன் திட்டம் போட்டதில்லை. அம்மா செத்த பிறகு நைனாவைப் படப்பைக்கு, தன் வீட்டுக்கு, அழைத்துவந்தது உண்மை. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சீக்கிரம் போக அனுமதி கேட்டபோது, "இந்தக் காலத்துல அப்பாவைக் கூட வச்சுண்டு பாக்கற பிள்ளை" என்று பாஷ்யம் எல்லோர் முன்னிலும் சொன்னதும் உண்மை. படப்பை வீடு ஒற்றை அறை. வீட்டுக்காரர் இராமச்சந்திரன், "தலை கூடிப்போச்சு, தண்ணி பத்தல. கெழவனாரு வாசல்ல உக்காந்து பீடி பிடிக்கிறாரு, நாலு பேர் வந்துபோற எடம்" என்று ஆரம்பித்தார். ஆடி மாதம் ஊரில் அம்மன் திருவிழா வந்தது. டில்லிபாபு நைனாவைத் திருவிழாவுக்குக் கொண்டுபோய் விட்டான். "முடிஞ்சதும் வந்து கூட்டிக்கினு போறேன்" என்றான். திருவிழா முடிந்தது. அடுத்த ஆடியும் வந்து போனது. மையத்தில் மட்டும் நைனா இன்னும் படப்பையிலேயே இருந்தார். "அப்பா சவுக்கியமா?" என்று பாஷ்யம் கேட்பார். "இருக்காரு சார்" என்பான். அது பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

பாஷ்யம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த ஊர்க்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். "அவங்களை வெளியில வச்சுட்டு அவங்களைப் பத்திப் பேசறது புறம் பேசற மாதிரி" என்பார். வந்தவருக்குத் துண்டு போர்த்துவார்கள். வசுதா கட்டுரை படித்த அன்று அப்படி வந்தவர் பால் சொசைட்டித் தலைவர் கோதண்டம். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. டில்லிபாபுவே போய் அழைத்துவந்து உட்காரவைத்திருந்தான்.

வசுதா நன்றாகப் படித்தாள். ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் தெருப் பெண், குரலில் தெளிவு. நிலம் விற்றவர்கள், வாங்கியவர்கள், கம்பெனியில் டெம்பரவரியாகச் சேர்ந்த பையன்கள், வேலை போன உழவுக்கூலிகள் என்று வரிசையாகச் சொல்லிவந்தவள், காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"எண்ணிக்கையை விட்டுட்டு ஒரே ஒரு மனுஷரைச் சொல்றேன். பேரை மாத்தியிருக்கேன். முனுசாமின்னு வச்சுக்கலாம். எழுபது வயசு. வலது காது மடல் கிழிஞ்சவர். உழைச்ச காலமெல்லாம் அடுத்தவர் நிலத்துல ஏர் ஓட்டினார். அந்த நிலத்தைக் கம்பெனிக்கு வித்துட்டாங்க. மனைவி இல்லை. பக்கத்து வீட்டு அம்மா கொடுக்கற கஞ்சிதான் சாப்பாடு. பிள்ளைங்க உண்டான்னு கேட்டேன். 'ஒரு மகன். ஆடித் திருவிழாவுக்குக் கொண்டாந்து வுட்டான். அப்பறம் வரல' அப்படின்னார். ஒரு வருஷம் ஆச்சாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமே இல்லை. முதியோர் பென்ஷனுக்குத் தாசில்தாருக்கு நாம சிபாரிசு பண்ணப்போற ஆறு பேர்ல இவர்தான் முதல்."

டில்லிபாபு டீத் தட்டோடு கதவருகே நின்றிருந்தான். காது மடல் என்றதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. வாலிபத்தில் சண்டை ஒன்றில் யாரோ கடுக்கனைப் பிடித்து இழுத்த காது அது. சிறு வயதில் நைனாவின் தோளில் உட்கார்ந்து போகும்போது அந்தக் கிழிசலைத்தான் பிடித்துக்கொள்வான். இந்த அறையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று, கோதண்டம் இருப்பதை மறந்து, ஒரு கணம் தைரியம் வந்தது. தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அட, இது நம்ம அப்பாவு!" என்று முன்வரிசையிலிருந்து கோதண்டம் எழுந்துவிட்டார். தன் ஊர் ஆளை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம் அவருக்கு. "இன்னாம்மா, காது கிழிஞ்சவருன்னா எங்க ஊர்ல அவரு ஒருத்தருதான். அவரு புள்ளதான இதோ டீ எடுத்துக்கினு..."

அதற்குமேல் சொல்லாமல் நிறுத்தினார். நிறுத்தியதுதான் வினையாகிவிட்டது. அறை முழுவதும் திரும்பிக் கதவைப் பார்த்தது.

கோதண்டம் கெட்டவர் இல்லை. தன்னை மரியாதையாக அழைத்துவந்து துண்டு போர்த்தவைத்த பையனைக் காப்பாற்ற வேண்டும் என்று உடனே தோன்றியிருக்கிறது. சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

"அம்மா, நீங்க சின்னப் பொண்ணு, ஒங்களுக்குத் தெரியல. சர்வேன்னு யாராச்சும் பேனாவும் பேப்பருமா வந்தா எங்க ஊர்ல எல்லாருமே அநாதைதான். லோன் குடுப்பான், பென்ஷன் குடுப்பான்னு நெனைச்சிக்கினு அழுவானுங்க. எனக்கு எவ்ளோ நெலம்னு எழுதியிருக்கீங்க, சொல்லுங்க பாப்பம்?"

வசுதா புரட்டிப் பார்த்தாள். "ஒண்ணரை ஏக்கர்."

"நாலு கீது!" என்றார் கோதண்டம்.

அறை வெடித்துச் சிரித்தது. மெட்ராஸ் பேராசிரியர் ஒருவர் மேஜையைத் தட்டினார். வசுதா சிரிக்கவில்லை, அவள் கழுத்து சிவந்திருந்தது. பாஷ்யம் சிரிப்பு அடங்கக் காத்திருந்து, தன்மையாகத்தான் கேட்டார்.

"டில்லிபாபு, அப்பா உன் வீட்லதானே இருக்கார்?"

அந்த நேரத்தில், 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா சார்."

"அப்ப இது?"

"அப்பப்ப ஊருக்குப் போய் வருவாரு சார். பென்ஷன் வரும்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அதான்... பொய் சொல்லிட்டாரு போல."

சொல்லிவிட்டு டீயைக் கொடுக்க ஆரம்பித்தான். பாஷ்யம் கரும்பலகைப் பக்கம் போய், பயன் கிடைக்கும் என்று தெரிந்தால் மக்கள் பதிலை எப்படி மாற்றுகிறார்கள், ஆய்வாளர் எப்படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பத்து நிமிஷம் பேசினார். வசுதா பேனாவை எடுத்து அந்தப் பத்தியின் மேல் ஒரு கோடு போட்டதை டில்லிபாபு பார்த்தான். சிபாரிசுப் பேர்களிலும் முதல் பேர்மேல் கோடு விழுந்தது.

"நாளைக்கே போய் நேர்ல கேட்டுடறேன் சார். சரிபார்க்காம விடமாட்டேன்" என்றாள் அவள். பிறகு டில்லிபாபுவிடம், "நீங்களும் வாங்க" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் மனைவி ரத்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"போய் கூட்டிக்கினு வந்துடு."

"வூட்டுக்காரரு?"

"வூட்டுக்காரரு, வூட்டுக்காரரு! நான் என்னிக்காச்சும் மாமாவ வேணாம்னேனா? அவுரு பீடி பிடிச்சா எனக்கா பொகையுது? அந்த ஆளு கண்ண உருட்டினான், நீ பயந்த. ஊரு என்னவோ மருமவளதான் திட்டிக்கினு கீது."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மறுநாள் வசுதாவும் அவனும் ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்தார்கள். அவள் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போனாள். தான் முன்னே ஓடிப்போய் நைனாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியுமா என்று அவன் வழியெல்லாம் கணக்குப் போட்டான். முடியவில்லை. அப்பாவு தெருமுனை அடிபம்பில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாப்பம்மாள் குடம் வைத்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, கஞ்சி கொடுப்பவள்.

நைனா முதலில் அவனைத்தான் பார்த்தார். "டில்லி!" என்றார். முகம் அப்படியே விரிந்துவிட்டது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். மகன் தன்னைப் பார்க்காமல் பம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது அப்புறம்தான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நின்றுவிட்டார்.

"வாய்யா ஆபீசரு. வழி தெரிஞ்சுதா?" என்றாள் பாப்பம்மாள்.

வசுதா குடையை மடக்கினாள். "பெரியவரே, போன மாசம் வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம இன்னாம்மா. எங்கூட உக்காந்து பேசினியே."

"அன்னிக்கு உங்க பையன் உங்களை இங்க விட்டுட்டுப் போயிட்டார்னு சொன்னீங்க. இவர் என்னடான்னா நீங்க இவர் வீட்லதான் இருக்கீங்க, பென்ஷனுக்காக அப்படிச் சொல்லிட்டீங்கன்னு சொல்றார். எது நிஜம்?"

பம்பின் வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவு மகனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் டில்லிபாபு ஏதாவது சொல்லியிருப்பான். அவரோ, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அவன் சொன்னதுதாம்மா."

"அப்படின்னா?"

"நான்தான் பொய் சொல்லிட்டேன். காசு வரும்னாங்க. கெழவன் புத்தி."

"யோவ்! இன்னா பேசுற நீ?" பாப்பம்மாள் பம்புக் கைப்பிடியை விட்டாள். "நேத்து ராத்திரி கூட..."

"பாப்பு, கொடம் நெறஞ்சி வழியுது பாரு. தூக்கிக்கினு போ."

"வழியட்டும்!"

"போம்மான்றேன் இல்ல."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, டில்லிபாபுவின் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அது எதற்கு என்று வசுதா ஒரு கணம் யோசித்தாள். ஆனால் முந்தின நாள் சிரிப்பு அவள் காதில் இன்னும் இருந்தது.

"இப்படிச் செய்யலாமா நீங்க? உங்களை நம்பி அத்தனை பேர் முன்னாடி படிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?"

அப்பாவு கை கூப்பினார். "மன்னிச்சுக்கம்மா. தப்புதான்."

நிலத்துக்காரர் முன்னால்கூடத் துண்டை இடுப்பில் கட்டுவாரே தவிர, நைனா கை கூப்பி டில்லிபாபு பார்த்ததில்லை. தன் வயதில் பாதிகூட ஆகாத பெண்ணிடம், செய்யாத தப்புக்கு, அந்தக் கைகள் அப்படியே நின்றன. இப்போதாவது வாயைத் திற என்று அவனுக்குள் யாரோ சொன்னார்கள். அவன் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினான்.

வசுதாவுக்கும் மனசு இளகிவிட்டது. "சரி, போகட்டும். கிளம்புங்க, எங்களோடயே வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை, பேத்திங்க வீட்ல இருப்பாங்க இல்ல?"

அப்பாவு வீட்டுக்குள் போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். கதவுக்குக் கயிறு கட்டினார். கூட்டுரோடுவரை மூன்று பேரும் நடந்தார்கள்.

"பெரியவ எத்தினியாவது படிக்கிது?"

"அஞ்சாவது நைனா."

"நாலுன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்."

ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ் முதலில் வந்தது. வசுதா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "இனிமே பொய் சொல்லாதீங்க, தாத்தா" என்று சிரித்தாள். அப்பாவு பள்ளிக்கூடத்துப் பையன்போலத் தலையாட்டினார். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அது வளைவில் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

"போய்ட்டாங்க இல்ல?"

"உம்."

"அப்ப நான் வரேன். வெயிலு ஏர்றதுக்குள்ள போய்ட்டா நல்லது."

டில்லிபாபுவுக்குப் புரியவில்லை. "எங்க போற? படப்பைக்குத்தான போறோம்?"

அப்பாவு பையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு கோணிச் சாக்கு மடித்துவைத்திருந்தது. வேட்டி இல்லை, துண்டு இல்லை, பீடிக்கட்டுகூட இல்லை. பை நிறைந்திருக்கிற மாதிரி தெரிவதற்காக வைத்தது.

"அந்தப் பொண்ணு கூட வந்துக்கினு இருக்கறப்ப வெறும் கையோட வந்தா நல்லா இருக்காதில்ல" என்றார்.

துணி இல்லாவிட்டால் என்ன, வா நைனா என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை இராமச்சந்திரன் கேட்டருகில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாரே என்பதும் கூடவே வந்தது. முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ரத்னாவிடம் சொல்லி ஒரு பாய் வாங்கிப் போட்டுவிட்டு... தாம்பரம் பஸ் வந்து நின்றது.

"அடுத்த வாரம் வந்து கூட்டிக்கினு போறேன் நைனா."

சொன்ன பிறகுதான், ஆடியில் சொன்ன அதே குரலில் சொல்கிறோம் என்று அவன் காதுக்கே கேட்டது. நைனாவுக்கும் கேட்டிருக்கும்.

"சரி. ஏறு, பஸ்ஸ வுட்டுடப் போற."

ஏறினான்.

அடுத்த வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த வாரம் மையத்தில் ஆடிட். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, படப்பை பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பினான். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் பால் சொசைட்டியிலிருந்து கோதண்டம் மையத்துக்குப் போன் செய்தார். விடியற்காலை பாப்பம்மாள் கஞ்சி கொண்டுபோய்க் கூப்பிட்டிருக்கிறாள். அப்பாவு எழுந்திருக்கவில்லை.

போனை வைத்ததும் பாஷ்யம் அவன் தோளைத் தொட்டார். "எப்படிப்பா? உடம்பு முடியாம இருந்தாரா?"

"தூக்கத்துலயே சார்."

"உன் வீட்லயா?"

"ஊருக்குப் போயிருந்தாரு சார். நேத்துதான் போனாரு."

நேற்று பெய்த மழையில் ஒரகடத்துக்குப் பஸ்ஸே ஓடவில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மையத்து ஜீப்பிலேயே எல்லோரும் மாலையோடு வந்தார்கள். சகதியில் ஜீப் சிக்கி, கடைசித் தூரம் நடந்தார்கள். வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். பாப்பம்மாள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். ஆடியில் வந்தவரு, ஆளு வருவான்னு ரோட்டப் பாத்தவரு, பொய்யனாப் பேரு வாங்கி என் கைக் கஞ்சியக் கடைசியாக் குடிச்சவரு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள். யாரும் அவள் வாயை மூடவில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவளை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

வசுதா மாலையைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் ஒரு வேட்டி, சுவரில் சாய்த்த பாய். திரும்ப வெளியே வந்து, அப்பாவுவின் மேல் மாலையைப் போட்டுவிட்டு, வெகுநேரம் குனிந்தே இருந்தாள். எழுந்தபோது டில்லிபாபு அவள் எதிரில்தான் இருந்தான். அவள் அவனைத் தாண்டி நடந்து போனாள்.

காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பிய அன்று, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வசுதா அவன் பெஞ்சருகே வந்து நின்றாள். அவன் எழுந்தான். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அவர்கிட்ட நான் போட்ட சத்தத்துக்கு இனிமே மன்னிப்புக் கேக்க முடியாது" என்றாள். "கட்டுரையை மறுபடி எழுதறேன். மெட்ராஸ்ல படிக்கப்போறேன். அவர் முதல்ல சொன்னாரே, அதைத் திரும்பச் சேர்க்கணும். உங்ககிட்ட கேக்காம செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

"சேருங்க மேடம்."

"பேரு மட்டும்... முன்னாடி முனுசாமின்னு போட்டிருந்தேன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்பாவுன்னே போடலாமா? அவர் பொய் சொல்லலைன்னு அவர் பேர்லயே இருக்கட்டும்."

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தரை லேசாக அதிர்ந்தது. டில்லிபாபு கரும்பலகைத் துணியை எடுத்து உதறினான். அதில் தூசி இல்லை. மறுபடியும் உதறினான். அவள் பதிலுக்காக நின்றுகொண்டேயிருந்தாள்.

"பேரை மாத்தியே போடுங்க மேடம்" என்றான்.